ஃபாட்கா படிவம் கேட்கிறார்கள், என் விவரம் எங்கே போகிறது?

கொள்ளிடத்துக்காரன்:
எச்1பி வேலை விசாவில் டெக்சஸ் வந்து மூன்று வருடம் ஆகிறது. என் என்ஆர்இ கணக்கு (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) இருக்கும் கிளையிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு, உங்கள் பையன் ஃபாட்கா படிவம் (அமெரிக்காவில் வரி கட்டுபவர்களின் வெளிநாட்டுக் கணக்குக்காகக் கேட்பது) கொடுக்கவே இல்லை, கணக்கு முடங்கிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். பிறந்த ஊர், அமெரிக்க முகவரி, எஸ்எஸ்என் (அமெரிக்காவில் ஒவ்வொருவருக்கும் தரும் சமூகப் பாதுகாப்பு எண்) எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து ஓர் ஊழியரின் சொந்த வாட்ஸ்அப்புக்கு அனுப்ப வேண்டுமாம். "எல்லாரும் அனுப்புறாங்களாம், உனக்கு மட்டும் என்ன?" என்கிறார் அப்பா. இது அப்படியே அமெரிக்க அரசுக்குப் போகிறது என்கிறார்களே, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பலாமா?

பழைய கணக்கன்:
அனுப்பலாம் தம்பி. ஃபாட்கா 2010-ல் அமெரிக்கா போட்ட சட்டம், அதற்காக இந்தியா 2015 ஜூலை 9 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. வங்கி நேராக அமெரிக்காவுக்கு அனுப்பாது. வருடா வருடம் மே 31-க்குள் நம் வருமான வரித் துறைக்குக் கொடுக்கும், துறைதான் அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பும். பெயர், முகவரி, எஸ்எஸ்என், கணக்கு எண், வருடக் கடைசி இருப்பு, வந்த வட்டி, இவ்வளவுதான் போகும், ஜிபேயில் நீ டீக்குக் கொடுத்ததெல்லாம் போகாது. இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 28-வது பிரிவுப்படி அதை வரி வேலைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், அரசுக்குச் சட்டப்படி தர வேண்டிய தகவலுக்கு உன் சம்மதம் தேவையில்லை. வெளிநாட்டுக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் (அந்தக் கணக்குகளை அமெரிக்க அரசுக்குக் காட்டும் அறிக்கை) தாக்கல் செய்கிறாய்தானே? ஒழுங்காகக் காட்டியிருந்தால் பயம் எதற்கு?

அரைத்தூக்கம்:
இந்த "பயம் எதற்கு" பேச்சுதான் எனக்கு ஆகாது சார். 2019-ல் பல்கேரியா வரித் துறையின் கணினிக்குள் புகுந்து சுமார் 50 லட்சம் பேர் விவரத்தை அள்ளிக்கொண்டு போனார்கள், அந்த நாட்டு மக்கள்தொகையே 70 லட்சம்தான். அதில் மற்ற நாடுகள் சிஆர்எஸ் வழியாக (நாடுகள் ஒன்றுக்கொன்று கணக்கு விவரம் அனுப்பும் ஏற்பாடு, ஃபாட்காவின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்) நம்பி அனுப்பிய விவரங்களும் இருந்தன. வரிக்கு மட்டும் என்று தாளில் எழுதி என்ன பயன், திருடன் ஒப்பந்தம் படித்துவிட்டா வருவான்? பெல்ஜியத்தில் தரவுப் பாதுகாப்பு ஆணையமே 2023 மே மாதம் ஃபாட்கா அனுப்பீடு சட்டவிரோதம் என்றது, டிசம்பரில் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது, அப்புறமும் சண்டை ஓயவில்லை. அங்கே சண்டை போடவாவது ஓர் இடம் இருக்கிறது.

மணல்வீடு:
இரண்டு பேரும் வாட்ஸ்அப்பை விட்டுவிட்டீர்களே! நாடு விட்டு நாடு போகும்போது கோப்பைக் குறியாக்கம் செய்துதான் அனுப்புகிறார்கள். ஆனால் நான் ஊருக்குப் போனபோது கிளையில் என் படிவம் கவுண்டர் மேல், பேனா ஸ்டாண்டுக்கு அடியில், எஸ்எஸ்என் தெரிய மல்லாந்து கிடந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். நெட்பேங்கிங்கில் ஃபாட்கா பக்கம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மூடிய உறையில் மேலாளர் பெயருக்கு கூரியர்.

கொள்ளிடத்துக்காரன்:
இருந்தது, ஐந்து நிமிஷத்தில் முடிந்தது, நன்றி. அப்பாவிடம் சொன்னால், "நேத்தே அனுப்பிட்டேனே, நீ வந்த புதுசுல காமிச்ச அந்த எஸ்எஸ்என் கார்டு போட்டோவை" என்கிறார்.

மணல்வீடு:
சரி, ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் தகவல் நிறுவனங்களிலும் இன்றைக்கே கிரெடிட் ஃப்ரீஸ் (உங்கள் பெயரில் வேறு யாரும் புதுக் கடன் வாங்காதபடி பூட்டு) போட்டுவிடுங்கள். 2018-லிருந்து இலவசம்தான். அப்பாவைத் திட்டாதீர்கள், அந்த ஊழியரிடம் படத்தை அழிக்கச் சொல்லச் சொல்லுங்கள்.