ஹெரால்டு வீடு: ஞாயிறு காதுகுத்து

வெள்ளி, இரவு 9:10

வித்யா: ஞாயித்துக்கிழமை யாழினி காதுகுத்துக்கு யார் யார் எந்த வண்டியில வர்றீங்கன்னு இப்பவே சொல்லிடுங்க. 6:30-க்கு வீட்டை விட்டுக் கிளம்பணும். மேலூர் தாண்டி மண்ரோடு வேற 4 கிலோமீட்டர் இருக்கு

வித்யா: அப்புறம் அந்தப் பெரிய அண்டா யாருகிட்ட இருக்கு?

கற்பகம் அத்தை: குமார் வீட்ல. போன பொங்கலுக்குத் தூக்கிட்டுப் போனான்

குமார் சித்தப்பா: நான் எடுக்கல

கற்பகம் அத்தை: 🙂

செந்தில்: நாங்க நாளைக்குக் காலைல கிளம்புறோம்க்கா. என் வண்டிய பின்னாடி ஒருத்தன் இடிச்சுட்டான், ஒர்க்‌ஷாப்ல கெடக்கு. வாடகைக்கு ஒரு செடான் எடுத்திருக்கேன், நானே ஓட்டிட்டு வரேன்

செந்தில்: (படம்)

கற்பகம் அத்தை: என்னடா நம்பர் போர்டு கறுப்பா இருக்கு. தாய்மாமன் சீர் கொண்டு வர்ற வண்டியாடா இது

நிலா: பெரியப்பா டைப் பண்ண ஆரம்பிச்சுட்டாரு. எல்லாரும் தண்ணி குடிச்சுட்டு வாங்க

ராஜாமணி: அன்புள்ள கற்பகத்துக்கு. அதில் அபசகுனம் ஒன்றுமில்லை. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால், வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும் வண்டி. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் டாக்ஸி. பச்சைப் பலகை மின்சார வண்டி. வெள்ளை நம்முடையது போன்ற சொந்த வண்டி. ஆகவே கவலை வேண்டாம்.

கற்பகம் அத்தை: சரிண்ணே. ஒரு மாலையைப் போட்டு போர்டை மறைச்சிரு செந்திலு

குமார் சித்தப்பா: மறைச்சா ஃபைன் போடுவான்

பிரபு: 👍

சனி, காலை 8:25

செந்தில்: விக்கிரவாண்டி டோல் தாண்டியாச்சு

கற்பகம் அத்தை: ஓட்டிக்கிட்டே போன நோண்டாத

செந்தில்: ரம்யாதான் அத்தை டைப் பண்றா. நான் சொல்றேன்

வித்யா: வண்டி எப்படிடா இருக்கு

செந்தில்: என்னத்தக்கா சொல்றது. திருப்பினா திரும்புது, பிரேக்கை மிதிச்சா நிக்குது, ஏ.சி. ஜில்லுன்னு இருக்கு. குறைன்னு ஒண்ணும் இல்ல

நிலா: பொண்ணு பாக்க வந்த பையனைப் பத்தி தரகர் சொல்ற மாதிரியே இருக்கு அண்ணா

செந்தில்: அதேதான். 80 தாண்டினா நிமிஷத்துக்கு ஒரு தடவை டிங்குன்னு அடிக்குது. அது ஒண்ணுதான் வண்டிக்குள்ள பேசுது

ராஜாமணி: 2019 ஜூலைக்குப் பிறகு வந்த எல்லாக் கார்களிலும் அது உண்டு. 120ஐத் தாண்டினால் நிற்காமல் அடிக்கும். நீ தாண்ட வேண்டாம்.

செந்தில்: சரிப்பா

செந்தில்: இன்னொண்ணு. ப்ளூடூத் போடலாம்னு பாத்தா முன்னாடி வண்டி எடுத்த பதினோரு பேரோட போன் பேரு உள்ள இருக்கு. மூணு ‘அம்மா போன்’. இத்தனை பேரு ஓட்டியும் சீட்ல ஒருத்தரு உக்காந்த தடம் கூட இல்ல

சனி, காலை 9:50

ரம்யா: அக்கா இது ரம்யா. உளுந்தூர்பேட்டைல டீ குடிச்சுட்டு வந்து இவரு வேற ஒருத்தர் கார்ல ஏறி உக்காந்துட்டாரு 😭

ரம்யா: அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. பின் சீட்ல ஒரு பாட்டி தூங்கிட்டு இருந்துச்சு

கற்பகம் அத்தை: அதான் கறுப்பு போர்டு இருக்குல்ல. அதைப் பாத்து ஏற வேண்டியதுதான

செந்தில்: பக்கவாட்டுல இருந்து வந்ததால போர்டு தெரியல அத்தை. பாட்டிதான் ‘யாருப்பா நீ’ன்னுச்சு

பாலு மாமா: நம்ம பழைய ஹெரால்டு கார்ல இந்தப் பிரச்சனையே வந்ததில்லப்பா. ரெண்டு தெரு தள்ளி வரும்போதே சத்தத்தை வச்சு உலை வைப்பாங்க

நிலா: பெரியப்பா ஷெட்ல தார்ப்பாயைத் தூக்கி ஒரு போட்டோ போடுங்களேன். ஃப்ரெண்ட்ஸ் யாரும் நம்பவே மாட்டேங்குறாங்க

ராஜாமணி: (படம்)

ராஜாமணி: நிலாவுக்கு. இது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1969 மாடல். பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஃபியட், அம்பாசிடர் செய்தபோது நம் மெட்ராஸில், வண்டலூர்ப் பக்கம் செய்த வண்டி. வடிவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோத்தி. இங்கிலாந்தில் இது 1959இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று வந்தது, அங்கே பக்கத்துக்கு ஒரு கதவுதான். நாலு கதவு வைத்து ஓட்டியது இந்தியாவில் மட்டும். நம் குடும்ப அளவு தெரிந்து செய்தது போல.

ராஜாமணி: பானெட்டைத் திறந்தால் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு உள்பட, முன்னால் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். உங்கள் தாத்தா டயரில் உட்கார்ந்து பேப்பரே படிப்பார். 25 அடி வட்டத்துக்குள் திரும்பும். வடக்கு மாசி வீதியில் ஒரே ஒடியில் திருப்புவார், ரிக்‌ஷாக்காரர்கள் நின்று பார்ப்பார்கள்.

கற்பகம் அத்தை: மழை பேஞ்சா உள்ளயும் பேயும் அதைச் சொல்லுண்ணே

ராஜாமணி: அது வண்டியின் குற்றம் இல்லை. அப்பா ரப்பர் பீடிங் மாற்றவில்லை.

குமார் சித்தப்பா: பெட்ரோலும்தான் போடல. எப்பப் பாரு ரெண்டு லிட்டர். என் பாலிடெக்னிக் இன்டர்வியூ அன்னைக்கு ஆண்டிபட்டி கணவாயில நின்னுச்சு. தள்ளினது யாரு? நான். இஸ்திரி போட்ட சட்டையோட

கற்பகம் அத்தை: சீட்டு கிடைச்சுதுல்ல

குமார் சித்தப்பா: அது வேற விஷயம் அக்கா

பாலு மாமா: பாம்பேல அந்த ஃபியட்டு, அதான் பத்மினி டாக்ஸி, 2023 அக்டோபரோட முடிஞ்சுபோச்சு. மாட்டுங்கால இருந்தப்ப ஸ்டீயரிங்குக்குப் பக்கத்துல இருக்கிற கியரை டிரைவர் போடுறதை ஒரு மணி நேரம் பாத்துக்கிட்டே வரலாம்

வித்யா: மாமா, அண்டா

பாலு மாமா: எனக்கென்ன தெரியும்மா

ராஜாமணி: எனக்கு ஓர் யோசனை. யாழினியைக் கோயிலுக்கு ஹெரால்டில் அழைத்துப் போனால் என்ன? வித்யாவுக்கும் செந்திலுக்கும் அதில்தான் போனோம்.

குமார் சித்தப்பா: ஆர்.சி. போன வருஷமே முடிஞ்சுது அண்ணே

ராஜாமணி: 50 வருடம் தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் என்று தனிப் பதிவு வந்திருக்கிறது. 20,000 ரூபாய். பத்து வருடத்துக்குச் செல்லும்.

நிலா: நான் இப்பதான் தேடிப் பாத்தேன் பெரியப்பா. அதுல பதிஞ்சா கண்காட்சி, பேரணிக்குத்தான் எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாதாம்

ராஜாமணி: காதுகுத்து தினசரி நடப்பதில்லை.

குமார் சித்தப்பா: 20,000 யாரு போடுறது? அன்னைக்கே கேட்டவர்கிட்ட குடுத்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது

கற்பகம் அத்தை: அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடியறதுக்குள்ள ஆளக் கூட்டிட்டு வந்து விலை பேசினவன் நீ

குமார் சித்தப்பா: சாவி யார்கிட்ட இருக்குன்னு எனக்கும் தெரியும்க்கா. நான் அந்த வண்டியைத் தள்ளியிருக்கேனே தவிர ஒரு நாளாவது ஓட்டியிருக்கேனா?

ராஜாமணி: இந்த செய்தி நீக்கப்பட்டது

வித்யா: இங்க வேணாம் ப்ளீஸ். பிரபு வீட்டு ஆளுங்களும் குரூப்ல இருக்காங்க

பிரபு: 🙏

வித்யா: ஆசாரி 7:30-க்கு வந்துடுவாரு. சீர்த்தட்டு ஒத்தைப்படையில வரணும் செந்தில். 11 போதும்

செந்தில்: விராலிமலை தாண்டிட்டோம். தட்டு 21 வாங்கிட்டேன்கா. டிக்கி மட்டும் நல்லாப் பெருசா இருக்கு, அதை ஒத்துக்கணும்

சனி, மாலை 6:40

குமார் சித்தப்பா: மதுரை வந்துட்டேன். பஸ்ல

கற்பகம் அத்தை: அண்டா?

குமார் சித்தப்பா: கையில இருக்கு

கற்பகம் அத்தை: 🙂🙂

சனி, இரவு 11:15

வித்யா: ஷெட்ல யாரு லைட் போட்டிருக்கா?

குமார் சித்தப்பா: நான்தான். தூக்கம் வரல. சாவியை அண்ணனே கொண்டு வந்து குடுத்துச்சு

குமார் சித்தப்பா: பிளக் நாலையும் கழட்டித் துடைச்சேன். பழைய ரப்பர் டியூபு வெடிச்சிருக்கு, இப்ப வர்ற எத்தனால் பெட்ரோலுக்கு அது தாங்காது, புதுசு மாட்டினேன். செந்தில்தான் டார்ச் பிடிச்சான். பேட்டரி எதிர்வீட்டுல இரவல்

நிலா: அப்பா 😳

குமார் சித்தப்பா: அஞ்சு லிட்டர் ஊத்தியிருக்கேன். எங்க அப்பா ஆயுசுல ஊத்தாத அளவு

ராஜாமணி: ஸ்டார்ட் ஆகிவிட்டது. சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்து வாசலில் நிற்கிறார். திட்ட வந்தவர் இப்போது டயர் மேல் உட்கார்ந்திருக்கிறார்.

வித்யா: சந்தோஷம்ப்பா. ஆனா ஆர்.சி. இல்லாம மெயின் ரோட்டுல எடுக்காதீங்க

ராஜாமணி: தெருவுக்குள் ஒரு சுற்று. குமார் ஓட்டட்டும்.

கற்பகம் அத்தை: பிள்ளையார் கோயில் வரைக்கும் போயிட்டு வாங்க. அங்கயே தேங்காய் உடைச்சிரலாம்

குமார் சித்தப்பா: கோயில் மெயின் ரோட்டுல இருக்குக்கா

கற்பகம் அத்தை: இந்தப் பக்கமே நிப்பாட்டிட்டு நடந்து போங்க

செந்தில்: அப்ப என் வண்டிக்கு மாலை வேணுமா வேணாமா?

வித்யா: மணி பன்னெண்டாகப் போகுது. யாழி ஹெரால்டுல ஏறி அப்புறம் மாறுறாளா, இல்ல நேரா செந்தில் வண்டியிலயா? யாராவது ஒரே பதிலா சொல்லுங்க

பிரபு: 👍