பாமில் பாம்பு விட்ட கதை

பாம் கையடக்கக் கணினிக்கு நிரல் எழுதிப் பழகியவர்கள் இங்கே இருந்தால், பட்ட பாட்டைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

என்னிடம் இருந்தது எம்100. 2000-இல் வந்த மாடல். 2 எம்பி நினைவகம், 16 மெகாஹெர்ட்ஸ் டிராகன்பால் சிப், 160-க்கு 160 புள்ளி கொண்ட சாம்பல் திரை, இரண்டு ஏஏஏ பேட்டரி. தனியாக வட்டு எதுவும் கிடையாது. நிரல், முகவரிகள், குறிப்புகள் எல்லாம் அந்த 2 எம்பிக்குள்தான் குடித்தனம். இது எனக்கு அப்போதே தெரியும், ஆனால் உறைக்கவில்லை. பின்னால் வருகிறேன்.

சி மொழி ஓரளவு தெரியும். இலவசமாகக் கிடைத்த பிஆர்சி-டூல்ஸில் கம்பைல் செய்து (பாம் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றி), பில்ஆர்சியில் திரைகளையும் பொத்தான்களையும் எழுதி, ஹாட்சிங்க் போட்டு, அதாவது மேசைக் கணினியோடு இணைத்து இரண்டு பக்கத் தகவலையும் ஒத்துப்போக வைக்கும் வசதியால், உள்ளே தள்ளுவேன். முதல் விளையாட்டு, எல்லோரையும் போலப் பாம்புதான். இடது பக்கம் திரும்ப இடது ஓரப் பொத்தான், வலது பக்கம் திரும்ப வலது ஓரப் பொத்தான் என்று வைத்தேன். பாம்பு ஓடியது. இடது பொத்தானை அழுத்தினேன். பாமின் நாட்குறிப்புச் செயலியான டேட் புக் திறந்துகொண்டது. மீண்டும் விளையாட்டுக்குப் போய் மீண்டும் அழுத்தினால் மீண்டும் டேட் புக். அந்தப் பொத்தான்களை அழுத்தினால் வரும் நிகழ்வு கணினி அமைப்பின் (இயங்குதளத்தின்) கைக்குப் போவதற்கு முன்பே நாம் வழிமறித்து விழுங்கிவிட வேண்டும் என்பது புரிய இரண்டு நாள் ஆனது.

அப்புறம் பேட்டரி. ஈவண்ட் லூப்பில், அதாவது பொத்தான் அழுத்தல் போன்ற நிகழ்வுகளை ஒவ்வொன்றாக வாங்கும் சுழற்சியில், அடுத்த நிகழ்வுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். பாம்பு வேகமாக நகரட்டுமே என்று நான் சைபர் கொடுத்துவைத்தேன். அப்படிக் கொடுத்தால் சிப் ஒரு நொடிகூடக் கண் அசராது. வாரக்கணக்கில் வரவேண்டிய பேட்டரி சில நாளிலேயே படுத்துவிட்டது. பேட்டரி மட்டமானது என்று நினைத்து வேறு மாற்றிப் பார்த்தேன், அதுவும் படுத்தது! இதில் நேரத்தை டிக்கில்தான் சொல்ல வேண்டும், நொடிக்கு 100 டிக். பாம்பு நகர வேண்டிய நேரத்தை டிக்கில் கணக்கிட்டு அதுவரை காத்திரு என்று சொன்ன பிறகு, சிப் இடையிடையே தூங்க ஆரம்பித்தது. பேட்டரியும் பிழைத்தது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பாமில் ஒரு செயலியை ஆள் தொட்டுத் திறந்தால்தான் அது ஓடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. யாராவது ஃபைண்ட் போட்டுத் தேடினாலும், கருவி ரீசெட் ஆகி எழுந்தாலும், கணினி அமைப்பு ஒவ்வொரு செயலியின் கதவையும் தட்டி 'இன்னது நடந்தது' என்று ஒரு லாஞ்ச் கோட் அனுப்பும். ரீசெட் ஆனதும் ஸ்கோர் கோப்பு பாதியில் கெட்டிருக்கிறதா என்று பார்த்துவிடலாமே என்று எனக்கு ஒரு புத்திசாலித்தனம். அந்த லாஞ்ச் கோட் வந்தால் ஸ்கோரைப் படித்து ஒரு குளோபல் மாறியில் (நிரல் முழுக்கப் பயன்படும் நினைவக இடத்தில்) போடு என்று நாலு வரி எழுதினேன். இப்படிக் கதவு தட்டி எழுப்பும்போது செயலிக்குக் குளோபல் மாறிகளே கிடையாது. இடம் ஒதுக்கப்பட்டிருக்காது. ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. நான்தான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருந்தேன்.

ஒருநாள் பாம்பு சுவரைத் தாண்டிப் போய், அதாவது நினைவகத்தில் நான் ஒதுக்கிய அணிவரிசையைத் தாண்டிப் போய், 'ஃபேட்டல் எக்செப்ஷன்' என்று பெட்டி வந்தது. ரீசெட்டைத் தொட்டேன். லோகோ வந்தது. திரை வெறுமையானது. திரும்ப லோகோ. திரும்ப வெறுமை. ரீசெட் ஆனதும் என் நாலு வரி ஓடுகிறது, அது கருவியைக் கவிழ்க்கிறது, கவிழ்ந்ததால் ரீசெட், ரீசெட் ஆனதால் என் நாலு வரி. அரைமணி நேரம் உட்கார்ந்து லோகோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டரியைக் கழற்றி உடனே மாட்டிப் பார்த்தேன். ம்ஹூம்.

கடைசியில் பவர் பொத்தானைப் பிடித்துக்கொண்டு பின்பக்க ஓட்டையில் பேப்பர் கிளிப்பைக் குத்தி ஹார்ட் ரீசெட். அந்த 2 எம்பிக்குள் குடியிருந்த எல்லாம் போயிற்று. கடைசியாக ஹாட்சிங்க் போட்டது மூன்று வாரத்துக்கு முன்பு. அதற்குப் பிறகு எழுதிய குறிப்புகள் திரும்ப வரவே இல்லை. அதில் பாம்பின் அடுத்த கட்டத்துக்கான வரைபடமும் இருந்தது.

*

பாம்பு விட்டவரைப் போல நான் விளையாட்டுப் பக்கம் போகவில்லை. கடன் கொடுத்தது வாங்கியதைக் குறித்துவைக்க ஒரு சின்ன செயலி எழுதினேன். இடம் மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று ஒவ்வொரு பதிவிலும் பெயரை எழுதி, பெயர் முடிந்த இடத்தை ஒட்டியே தொகையை வைத்தேன். சில பேரைத் தொட்டால் கணக்கு திறக்கும். சில பேரைத் தொட்டால் கருவி கவிழும். கவிழ்கிற பெயர்களைத் தாளில் எழுதி மூன்று நாள் முறைத்துப் பார்த்தேன். கடைசியில் எழுத்தை எண்ணினேன். ஐந்து எழுத்து நல்ல பெயர், ஆறு எழுத்து ஆகாத பெயர், ஏழு எழுத்து நல்ல பெயர். ஏதோ எண் ஜோசியம் போல! விஷயம் என்னவென்றால், பெயரின் முடிவில் ஒரு சைபர் பைட் சேரும். ஆறும் ஒன்றும் ஏழு. தொகை ஒற்றைப்படை முகவரியில் போய் உட்கார்ந்துவிடும். அந்த சிப்பால் இரண்டு பைட், நான்கு பைட் எண்களை ஒற்றைப்படை முகவரியிலிருந்து படிக்க முடியாது. ஒற்றைப்படை வந்தால் ஒரு வெற்று பைட் சேர்த்தேன், எல்லாப் பெயரும் நல்ல பெயர் ஆகிவிட்டது. கடன்தான் திரும்பி வரவில்லை, அது வேறு கதை.

*

பாமை மேசைக் கணினியில் போலச் செய்து காட்டும் எமுலேட்டரில் கிரெம்லின்ஸ் என்று ஒன்று இருக்குமே, அதைப் பற்றி யாருமே சொல்லவில்லை? கண்டபடி திரையைத் தொட்டு, கண்டபடி எழுத்துகளைத் தட்டி, குரங்கு கையில் கொடுத்த மாதிரி செயலியைச் சோதிக்கும். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போவேன், காலையில் ஏதாவது ஒரு பிழையோடு நின்றிருக்கும். அதே கிரெம்லின் எண்ணைக் கொடுத்தால் அதே வரிசையில் மறுபடி தட்டும் என்பதால் பிழையைத் துரத்திப் பிடிக்கலாம்.

பாம்பு விட்ட நண்பரே, உங்கள் குறிப்புகளைக் காப்பாற்றியிருக்கலாம். மேலே நகர்த்தும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீசெட் ஓட்டையில் குத்தினால் வார்ம் ரீசெட். அப்போது செயலிகளுக்கு ரீசெட் லாஞ்ச் கோட் போகவே போகாது. கருவி ஒழுங்காக எழுந்திருக்கும், பாம்பை அழித்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம்.

*

மேல் பொத்தானா? ஹார்ட் ரீசெட் செய்தபோது 'எல்லாவற்றையும் அழிக்கவா, ஆம் என்றால் மேல் பொத்தானை அழுத்து' என்று கேட்டது. அதே பொத்தானைத்தான் அழுத்தினேன் ஐயா.