ஏஜினா ஆமைக் காசு: 11.1 கிராம், வாங்கலாமா?

கேள்வி: பண்டைய கிரேக்கத்தின் ஏஜினாத் தீவில் அடித்த, ஆமை பொறித்த வெள்ளிக் காசு (ஸ்டேட்டர்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எடை 11.1 கிராம். விளிம்பில் ஒரு வெட்டு. அசல்தானா?

பதில்: எடை இடிக்கிறதே. முழுக் காசு 12.2 கிராமை ஒட்டி நிற்கும். தேய்மானம் இவ்வளவு தின்னாது. வெட்டுக்குள் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பச்சைக் களிம்பு தெரிந்தால் உள்ளே செம்பு, மேலே வெள்ளித் தகடு. இந்தப் போலி அந்தக் காலத்திலேயே உண்டு. வெட்டிப் பார்த்ததே அதற்காகத்தான்.

பதில்: அடர்த்தியும் பாருங்க. தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி அடியில் படாமல் முக்குங்க. தராசு காட்டும் எண்ணால் 11.1ஐ வகுத்தால், நல்ல வெள்ளிக்கு 10.3க்கு மேல் வரணும். குமிழி ஒட்டியிருந்தால் கணக்குத் தப்பும்.

பதில்: விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடினால் அச்சில் ஊற்றி வார்த்த போலி, விட்டுவிடுங்கள். தரையில் தட்டி ஓசை பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். பழைய வெள்ளி உள்ளே படிகமாகியிருந்தால் பொட்டென்று உடையும்.