புது பெர்ஃபாமன்ஸ் பிரேக் பேட்: டெல்டா பக்கம் எந்த ரோட்டில் பெட்-இன் செய்வது?

குடந்தை டிடி:

வணக்கம் எல்லோருக்கும். என்னிடம் இருப்பது இரண்டாம் தலைமுறை ஆடி டிடி, 2.0 பெட்ரோல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு ட்ராக் டே போகலாம் என்று முன் பிரேக்குக்கு ஃபெரோடோ டிஎஸ்2500 பேட் வரவழைத்துவிட்டேன். டிஸ்க் பழையதுதான், 312 மி.மீ. அளவு, விளிம்பில் லேசாக மேடு கட்டியிருக்கிறது.

நான் வழக்கமாக வண்டி விடும் பட்டறை அண்ணன், டிஸ்கை லேத்தில் கொடுத்து ஒரு டர்னிங் போட்டு மேற்பரப்பைச் சீராகக் கடைந்துவிடலாம், பேட் ஓட ஓடத் தானாகவே செட் ஆகிவிடும், தனியாக எதுவும் செய்ய வேண்டாம் என்கிறார். நல்ல வேலைக்காரர், ஊர் வண்டிகளுக்கு அவர் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் இந்த மாதிரி பேடுக்கு வேகத்திலிருந்து திரும்பத் திரும்ப பிரேக் பிடித்துப் பெட்-இன் (புது பேடைச் சூடேற்றி டிஸ்கோடு பழக்குவது) செய்தே ஆக வேண்டும் என்று படித்திருக்கிறேன். அதற்கு இடம் எங்கே? பழைய தஞ்சாவூர் ரோட்டில் பாபநாசம், அய்யம்பேட்டை தாண்டுவதற்குள் பஸ், மினி லாரி, ஆடு மாடு எல்லாம் வந்துவிடும், 60-ஐத் தொடுவதே பெரிய விஷயம். இந்தப் பக்கம் செய்தவர்கள் யாராவது இருந்தால் எந்த ரோடு, எந்த நேரம், எப்படி என்று விவரமாகச் சொல்லுங்கள்.

துவாக்குடி லேத்:

தம்பி, டிஸ்க் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், என் பிழைப்பே லேத்தில்தான். முதலில் டிஸ்கின் மேல் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள், குறைந்தபட்சத் தடிமன் அதில் இருக்கும். உங்கள் 312 டிஸ்க் புதிதில் 25 மி.மீ., தேய்மான எல்லை 22. வெர்னியரால் அளக்காதீர்கள். அதன் தாடை விளிம்பு மேட்டில் உட்கார்ந்துகொண்டு டிஸ்க் இன்னும் கனமாக இருப்பதாகக் காட்டும். மைக்ரோமீட்டரை மேட்டுக்கு உள்ளே, பேட் உரசும் இடத்தில் வைத்துச் சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் அளக்க வேண்டும். 23-க்குக் கீழே வந்திருந்தால் லேத்துக்கு வேலையே இல்லை, புது டிஸ்க் வாங்கிவிடுங்கள். ட்ராக்கில் அந்த இரும்பின் கனம்தான் சூட்டை வாங்கிக்கொள்கிறது, அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

கனம் இருந்தால் டர்னிங் போடலாம், பழைய பேட் விட்டுப்போன படலமும் அதோடு போய்விடும், புது பேடுக்கு அது நல்லது. ஆனால் லேத்தின் மூன்று தாடை சக்கில் (பிடிக்கும் பாகம்) அப்படியே கடித்துப் போட்டால் டிஸ்க் கோணலாகவே உட்காரும், அந்தக் கோணல் அப்படியே கடைசலில் இறங்கிவிடும். ஹப்பில் (சக்கரமும் டிஸ்கும் மாட்டும் நடுப்பாகம்) உட்காரும் முகத்தை ஆதாரமாக வைத்து, டயல் கேஜ் (ஆட்டம் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்து போடுகிற ஆளிடம் மட்டும் கொடுங்கள்.

அப்புறம் யாரும் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. டிஸ்கைக் கழற்றியதும் ஹப் முகத்தைப் பாருங்கள், வீல் போல்ட் துளைகளைச் சுற்றிச் செதில் செதிலாகச் சிவப்புத் துரு ஒட்டியிருக்கும். அதைக் கம்பி பிரஷ் போட்டு, உப்புத்தாள் போட்டு, விரலால் தடவினால் எதுவும் தட்டாத வரைக்கும் எடுக்க வேண்டும். டிஸ்கை மாட்டிப் போல்ட் முறுக்கியபின் டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். துருவின் மேல் மாட்டினால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. பேட் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் உரசி உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் மெலியும். தடிமனில் 0.02 மி.மீ. வித்தியாசம் வந்தாலே ஸ்டியரிங் உதறும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

வல்லம் ரோடு:

அண்ணன் சொன்னதைச் செய்துவிட்டு இதற்கு வாருங்கள். மாட்டும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலிப்பர் (பேடை டிஸ்கில் அழுத்தும் பாகம்) நகர்ந்து ஓடும் கைடு பின்னுக்கு 7 மி.மீ. ஆலன் கீ வேண்டும். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். பிஸ்டனைத் தள்ளுவதற்கு முன் மேலே டப்பாவிலிருந்து கொஞ்சம் பிரேக் ஃப்ளூயிடை சிரிஞ்சால் எடுத்துவிடுங்கள், வழிந்தால் பெயின்ட் போய்விடும். இந்த மாடலில் கைடு பின் ரப்பர் புஷ்ஷுக்குள் உலர்ந்தபடியே ஓடுவது, துடைத்து அப்படியே போடுங்கள், கிரீஸ் வேண்டாம். பேட் முகத்திலோ டிஸ்கிலோ எண்ணெய்க் கை படக் கூடாது. வீல் போல்ட் 120 நியூட்டன் மீட்டர், குறுக்கு வரிசையில். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதித்துவிடுங்கள், இதை மறந்தால் முதல் பிரேக்கில் கால் தரை வரை போகும்.

இப்போது பெட்-இன். புதுத் தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான் இது, பேடிலிருந்து மெல்லிய படலம் ஒன்று டிஸ்க் முழுக்க ஒரே சீராகப் படிய வேண்டும், பேடில் இருக்கும் பிசின் முதல் சூட்டில் வெளியேற வேண்டும். அந்தப் பிசின் ட்ராக்கில் போய் முதன்முறையாக வெளியேறினால் பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவே வாயு நின்று, வளைவுக்கு முன்னால் பிரேக் விட்டுவிடும். ஓட ஓட செட் ஆகும் என்பது ஊருக்குள் ஓடுகிற சாதாரண பேடுக்குச் சரி, அங்கே அவ்வளவு சூடே வராது. உங்களுக்குச் சரிவராது.

இடம் சொல்கிறேன். திருச்சி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் முதலில் செங்கிப்பட்டி வரை மெதுவாகப் போய்த் திரும்புங்கள். செங்கிப்பட்டியிலிருந்து வல்லம் நோக்கி வரும்போது வேலையைச் செய்து, அதன்பின் தஞ்சாவூருக்குள் நுழையாமல் பைபாஸில் ஆற விடுங்கள். மாற்றித் திருச்சி நோக்கிச் செய்யாதீர்கள், வாழவந்தான்கோட்டை டோலில் வரிசை நின்றால் சூடான டிஸ்கில் பேடை அழுத்தியபடி நிற்க வேண்டி வரும், பேடின் அச்சு அப்படியே டிஸ்கில் விழுந்துவிடும், அப்புறம் நாள் முழுக்க உதறல்தான்.

நேரம், நன்றாக விடிந்த உடனே. இருட்டில் வேண்டாம், மீடியன் இடைவெளியில் எதிரே டூவீலர் வரும். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, பின்னால் வண்டி வருகிறதா என்று பார்க்கிற வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள். பின்னால் விளக்கு தெரிந்தால் அந்த முறையை விட்டுவிட்டு அவர்களைப் போக விடுங்கள். தை, மாசி அறுவடையில் ஒரு பக்க ரோடு முழுக்கக் கல் வைத்து நெல் காயப் போட்டிருப்பார்கள், அது ஒரு குடும்பத்தின் ஒரு போக உழைப்பு, அந்த நேரத்தில் இந்த வேலையை அங்கே வைத்துக்கொள்ளவே கூடாது. வைக்கோல் தூசு மேல் டயரும் பிடிக்காது.

முறை இதுதான். முதலில் 60-லிருந்து 20-க்கு, நடுத்தர அழுத்தத்தில் எட்டு பத்து முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் காற்று வாங்க விடுங்கள். பிறகு போட்டிருக்கும் வேக வரம்புக்குள், 90-லிருந்து 20-க்கு நல்ல அழுத்தத்தில் எட்டு முறை, ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கும் அளவுக்குச் சற்று முன்னாலேயே. 1,400 கிலோ எடையை அப்படி ஒரு முறை இறக்கினாலே 400 கிலோஜூலுக்கு மேல் சூடாக மாறுகிறது, அதில் பெரும்பங்கு முன் டிஸ்குக்குப் போகிறது. எந்த முறையும் முழுசாக நிற்காதீர்கள். நாற்றம் வரும், லேசாகப் புகைகூட வரலாம், நடுவில் பிடிமானம் கொஞ்சம் குறைந்து பிறகு கூடும், பயப்பட வேண்டாம். முடிந்ததும் பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் 60, 70-ல் ஓட்டுங்கள். நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டுவிடுங்கள், நம்ம தரை மட்டமான தரைதானே.

பேடுடன் வந்த தாளில் வேறு முறை போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஈபிசி மாதிரி சில கம்பெனிகள் பேட் முகத்தில் உரசல் பூச்சு பூசி அனுப்புகிறார்கள், அவர்கள் முதலில் சில நூறு கிலோமீட்டர் மென்மையாக ஓட்டச் சொல்வார்கள்.

நாகை உப்புக்காத்து:

எல்லோரும் பேடையே பேசுகிறீர்கள், ஃப்ளூயிட் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. பிரேக் ஃப்ளூயிட் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நம்ம டெல்டாவில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. டாட் 4 தரத்தின்படி புது ஃப்ளூயிட் 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். நல்ல பேட் போட்டால் காலிப்பர் இன்னும் சூடாகும், அதனால் கரிக்குப் போகும் முன் கட்டாயம் மாற்றுங்கள், சீல் உடைக்காத டப்பாவாக வாங்குங்கள். டாட் 5.1 போடலாம், டாட் 5 சிலிக்கான், அதைக் கலக்கவே கூடாது.

ட்ராக்கில் பிரேக் குறைந்தால் காலே சொல்லிவிடும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடு தாங்கவில்லை. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் ஃப்ளூயிட் கொதித்துவிட்டது, உடனே பிட்டுக்கு வந்துவிடுங்கள். எங்கள் பக்கம் கடல்காற்றில் ஒரே ராத்திரியில் டிஸ்க் செம்பட்டையாகிவிடும், அது இரண்டு பிரேக்கில் போய்விடும். மழையில் நனைந்த வண்டியை அப்படியே வாரக்கணக்கில் போட்டுவைத்தால்தான் பேடுக்கு அடியில் துரு பிடித்து அதன் வடிவமே டிஸ்கில் பதியும். கழுவினாலும் நனைந்தாலும் ஒரு சுற்று ஓட்டி உலர்த்தி நிறுத்துங்கள்.

குடந்தை டிடி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டிஸ்கை மைக்ரோமீட்டரில் அளந்தாயிற்று, 22.6 வந்தது, அதனால் புது டிஸ்க் ஆர்டர் போட்டுவிட்டேன், ஃப்ளூயிடும் சேர்த்து மாற்றுகிறோம். பட்டறை அண்ணனிடம் ஹப் துரு விஷயத்தைக் காட்டினேன், அவரே டயல் கேஜ் ஏற்பாடு செய்கிறேன் என்றார். ஒரே ஒரு சந்தேகம், பெட்-இன் சரியாக நடந்ததா என்று வண்டி ஆறியபின் எப்படித் தெரிந்துகொள்வது? பின் பேட் கம்பெனி பேடாகவே இருக்கலாமா?

வல்லம் ரோடு:

புது டிஸ்க் என்றால் மேலே துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருக்கும், பிரேக் கிளீனர் போட்டு வெள்ளைத் துணியில் கறை வராத வரை துடைத்துவிட்டு மாட்டுங்கள். ஆறியபின் வீலின் கம்பிகளுக்கு நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள், பேட் உரசும் அகலம் முழுக்க நீலம் கலந்த சாம்பல் நிறம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். திட்டுத் திட்டாக இருந்தாலோ, வெளிப்பக்க முகம் மட்டும் வெள்ளையாகப் பளபளத்தாலோ இன்னொரு நாள் காலை அதே 90-லிருந்து 20-க்கு நான்கைந்து முறை செய்யுங்கள். வெளிப்பக்கம் மறுபடியும் அப்படியே இருந்தால் கைடு பின் ஒட்டிக்கொண்டு நகராமல் இருக்கும், கழற்றிப் பாருங்கள்.

பின் பேட் இப்போதைக்கு கம்பெனி பேடே போதும். தேய்மானம் மட்டும் பாருங்கள். என்றைக்காவது மாற்றினால் பின் பிஸ்டனை ஜி-கிளாம்ப் போட்டுத் தள்ளாதீர்கள், ஹேண்ட்பிரேக் திருகு அதற்குள்ளேயே இருக்கிறது, சுற்றிக்கொண்டே உள்ளே அனுப்புகிற டூல் வேண்டும்.