17 வயசு அப்ரெண்டிஸ், தனியார் டிரெய்னிங் கம்பெனி: சேஃப்கார்டிங் சட்டம் நமக்கு வருமா?

புதுடியூட்டர்:
இங்கிலாந்துல ஒரு தனியார் டிரெய்னிங் ப்ரொவைடர்ல சேர்ந்து மூணு வாரம் ஆச்சுங்க, அரசு ஃபண்டிங்ல நடக்குற அப்ரெண்டிஸ் கோர்ஸ், ஒரே கிளாஸ்ல 17 வயசும் இருக்கு 23 வயசும் இருக்கு. கூட வேலை பாக்குறவர், சேஃப்கார்டிங் (படிக்கிற பசங்களை ஆபத்துலருந்து காப்பாத்துறது) சட்டமெல்லாம் காலேஜுக்குத்தான், நாம கம்பெனி, நமக்கு வராதுங்கறார். நிஜமா? இன்னொண்ணு, நேத்து 17 வயசுப் பொண்ணு ஒண்ணு, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, ஒண்ணு சொல்றேன்"னா. அதுக்குள்ள பிரேக் முடிஞ்சிருச்சு, தப்பிச்சேன்.

ஆத்தங்கரை:
அவர் சொல்றது பழைய கதை. எஜுகேஷன் ஆக்ட் 2002, செக்ஷன் 175 காலேஜ் கவர்னிங் பாடியைத்தான் சொல்லுச்சு, உங்கள மாதிரி இடமெல்லாம் ஃபண்டிங் கான்ட்ராக்ட்ல இருந்த ஷரத்தோட ஓடிட்டிருந்துச்சு. மேரி கெல்லி ஃபாய்னு லேபர் எம்பி கொண்டுவந்த பில் 2021 ஏப்ரல்ல சட்டமாச்சு, அதுலதான் அரசுக் காசு வாங்குற ப்ரொவைடரும் உள்ள வந்தாங்க. வேலைல சேர்ந்தப்போ 'கீப்பிங் சில்ரன் சேஃப் இன் எஜுகேஷன்'ங்கற அரசு வழிகாட்டியைப் படிக்கக் குடுக்கலியா? குடுக்கலன்னா அதுவே ஒரு கேள்விதான்.

முன்னாள்_டிஎஸ்எல்:
சட்டம் கிடக்கட்டும், அந்தப் பொண்ணு விஷயம்தான் அவசரம். சத்தியம் மட்டும் பண்ணிடாதீங்க. அவ வர்றதுக்கு காத்திருக்காம நீங்களே போய், "நீ சொல்றத கேக்குறேன், ஆனா உன் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டா ஒருத்தர்கிட்ட சொல்லியாகணும்"னு முதல்லயே சொல்லிடுங்க. நான் டிஎஸ்எல்லா (சேஃப்கார்டிங்குக்குப் பொறுப்பான லீட்) இருந்தப்போ நானும் பயந்தேன் இப்படிச் சொன்னா வாயே திறக்க மாட்டாங்கன்னு, ஆனா பாதிப் பேருக்கு மேல சொல்லத்தான் செஞ்சாங்க. சொன்னா துருவித் துருவி கேக்காதீங்க, அவ வார்த்தையிலயே அன்னிக்கே எழுதி உங்க சேஃப்கார்டிங் லீட் கையில குடுங்க. உயிருக்கு ஆபத்துன்னா 999க்கு போன் பண்ணுங்க.

புதுடியூட்டர்:
ரொம்ப நன்றிங்க. அப்போ 18 முடிஞ்சா கை கழுவிடலாமா?

ஆத்தங்கரை:
அது எப்படி 😀 சில்ரன் ஆக்ட் 1989 கணக்குல 18 வரைக்கும்தான் குழந்தை, சரி. ஆனா கேர் ஆக்ட் 2014 செக்ஷன் 42ன்னு ஒண்ணு இருக்கு, பராமரிப்பு தேவைப்படுற, தன்னைத்தானே காப்பாத்திக்க முடியாத பெரியவங்களுக்கு ஆபத்துன்னா கவுன்சில் விசாரிச்சே ஆகணும். பிரிவென்ட் டியூட்டிக்கு (யாரும் தீவிரவாதத்துக்குள்ள இழுக்கப்படாம தடுக்குற கடமை) வயசே கிடையாது.

முன்னாள்_டிஎஸ்எல்:
உங்க கூட வேலை பாக்குறவர்கிட்ட இதையும் சொல்லுங்க: 16 வயசானா சம்மதம் செல்லும்னு நெனச்சு காலேஜ் டீச்சர் தன்கிட்ட படிக்கிற 17 வயசு ஸ்டூடண்ட்கூட உறவு வெச்சா அது கிரிமினல் குத்தம், செக்ஷுவல் அஃபென்சஸ் ஆக்ட் 2003. சம்மதம்லாம் அங்க எடுபடாது.

புதுடியூட்டர்:
லீட் யாருன்னு இப்பதான் நோட்டீஸ் போர்டுல பாத்தேன். நம்ம கூட வேலை பாக்குற அவரேதான் டெபுட்டியாம்!