பொருள்: 'ஏஜ் ஹீப்பிங்' தமிழில் என்ன? திங்களுக்குள் வேண்டும்

அனுப்புநர்: ஜாலஹள்ளி

நம் பெங்களூர்க் குழுவினருக்கு வணக்கம். கல்லூரிப் பிள்ளைகளுக்கான மக்கள்தொகையியல் பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள்கிழமை கெடு. பழைய கணக்கெடுப்புகள் பற்றிய அத்தியாயத்தில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

1872இல் முடிந்த முதல் கணக்கெடுப்பு மாகாணத்துக்கு மாகாணம் வெவ்வேறு காலத்தில் நடந்தது. ஒரே இரவு என்று வைத்து எண்ணியது 1881 பிப்ரவரி 17இல்தான். காஷ்மீர் அதிலும் சேரவில்லை. மொத்தம் ஏறத்தாழ 25 கோடியே 39 லட்சம் பேர். பெயர், வயது, மதம், சாதி, தாய்மொழி, பிறந்த இடம், தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா, கண் தெரியாதவரா, தொழுநோய் உண்டா என்று வரிசையாகக் கேட்டு எழுதினார்கள்.

வயதுப் பத்திதான் வம்பு. ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் என்று படம் போட்டால் 29 குட்டை, 31 குட்டை, நடுவில் 30 மட்டும் தென்னைமரம். 35, 40, 45 எல்லாம் அப்படியே. வயது தெரியாதவர்கள் 0, 5இல் முடியும் எண்ணாகப் பார்த்துச் சொன்னதால் வந்தது. இதற்குத்தான் 'ஏஜ் ஹீப்பிங்' என்று பெயர். 'வயதுக் குவிவு' என்று போட்டிருக்கிறேன். சரியா?

அனுப்புநர்: அல்சூர்

குவிவு வேண்டாம் தம்பி. முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் சொல்கிறேன், குவிவு என்றாலே பிள்ளைகளுக்கு லென்ஸ்தான் நினைவுக்கு வரும்.

இதை அளக்க விப்பிள் என்பவர் பெயரில் ஒரு கணக்கு உண்டு. 23 முதல் 62 வரை வயதுள்ளவர்களை எடுத்துக்கொள். அதில் 0, 5இல் முடியும் வயதுக்காரர்களைக் கூட்டி, ஐந்தால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்து, நூறால் பெருக்கு. 100 வந்தால் கோளாறு இல்லை. 500 வந்தால் ஊரே 0, 5இல்தான் இருக்கிறது. ஆக, கடைசி இலக்கம்தான் விஷயம். 'ஈற்றிலக்கச் சாய்வு' என்று போடு.

அனுப்புநர்: சி.வி. ராமன் நகர்

நண்பர்களே, கோளாறு 'வயது' என்ற இடத்திலேயே தொடங்குகிறது. அது வடசொல். அகவை இருக்க வயது எதற்கு? அகம் என்பதிலிருந்து வந்தது அகவை. கழிந்த ஆண்டுகளைத் தன்னகத்தே கொண்டது. இந்த நயம் வயதுக்கு உண்டா? அதுவும் பிடிக்கவில்லையென்றால் யாண்டு இருக்கிறது. இவ்வளவு வயதாகியும் நரை இல்லையே எப்படி என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் 'யாண்டு பலவாக' என்றுதான் பதிலைத் தொடங்குகிறார்.

வயதுத் தொகுதி பிரிப்பதும் நமக்குப் புதிதல்ல. பெண்ணின் ஏழு பருவங்களைப் பாருங்கள்: பேதை 5 முதல் 7, பெதும்பை 8 முதல் 11, மங்கை 12, 13. தெரிவை 31இல் முடிகிறாள். அரிவை ஒருத்தியைத் தவிர யாரும் 0, 5இல் தொடங்கி 0, 5இல் முடிவதில்லை என்பதைக் கவனிக்கவும். என் பரிந்துரை: 'அகவைத் திரளை'.

அனுப்புநர்: ஆஸ்டின் டவுன்

ஐயா, பேரிளம்பெண் 40இல் முடிந்துவிடுகிறாள். எனக்கு 78. நான் எந்தப் பத்தி?

அனுப்புநர்: சிவாஜிநகர்

புலவர் ஐயா மன்னிக்கணும். எங்கள் பக்கத்துவீட்டுப் பெரியவர் உருதுக்காரர். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு உருதில் மர்தும்ஷுமாரி. மர்தும் என்றால் மக்கள், ஷுமாரி என்றால் எண்ணுதல். ஷுமார் என்ற பாரசீகச் சொல்தான் நம் 'சுமார்'! அங்கே எண்ணிக்கை, நம்மிடம் வந்து 'ஏறக்குறைய' ஆகிவிட்டது. கன்னடத்திலும் சுமாருதான். 1881இல் நடந்ததை இதைவிட ஒரு சொல் அழகாகச் சொல்லுமா? 'சுமார்வயது' என்று வையுங்கள், பேருந்தில் வருகிறவருக்கும் புரியும்.

அனுப்புநர்: சி.வி. ராமன் நகர்

பாரசீகம்! அடுத்து என்ன, போர்ச்சுகீசியமா?

அனுப்புநர்: அல்சூர்

இன்னொரு சிக்கல். திரளை, திரட்சி எதுவானாலும், திரள்வது வயதா, வயதில் ஆட்களா? வயதினது திரட்சி என்றால் ஆறாம் வேற்றுமை. வயதின்கண் திரட்சி என்றால் ஏழாவது. ஏழாவதுதான் பொருந்தும். ஒற்று எப்படியும் மிகும், ஆகவே அச்சில் தெரியாது. ஆனாலும் மனதுக்குள் தெளிவு வேண்டும்.

அனுப்புநர்: ஆஸ்டின் டவுன்

வேற்றுமை இருக்கட்டும். என் பாட்டி அவள் அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது, "தாது வருஷத்துக்கு மறுவருஷம் பொறந்தவ" என்பாள். வயது தெரியாது, வருஷம் தெரியும். தாது என்றால் 1876-77, மறுவருஷம் ஈஸ்வர. கணக்கு ஒரு வருஷம்கூடப் பிசகாது. கணக்கெடுக்க வந்தவர் அவள் அம்மாவைப் பார்த்து வயதைக் கேட்காமல் பிறந்த வருஷத்தின் பெயரைக் கேட்டிருந்தால் தென்னைமரம் முளைத்தே இருக்காது. சனங்களுக்குத் தெரியாத எண்ணைக் கேட்டுவிட்டு அவர்கள் பொய் சொன்னார்கள் என்பதா? ஈற்றிலக்கச் 'சாய்வு' எனக்குப் பிடிக்கவில்லை, குற்றம் சாட்டுவதுபோல் இருக்கிறது.

அப்புறம், தாது வருஷம் என்றால் பஞ்சம். மைசூர் ராஜ்ஜியத்தில் 1871இல் 50 லட்சத்துக்கு மேல் இருந்த சனம், 1881இல் 42 லட்சம்கூட இல்லை. (கணக்கெடுத்த அந்த இரவில் மைசூர் இன்னும் ஆங்கிலேயர் கையில். மார்ச் 25இல்தான் உடையாருக்குத் திரும்பக் கொடுத்தார்கள்.) தம்பி, உன் படத்தில் 30க்கு நேரே இருக்கும் மரத்தையே எல்லோரும் பார்க்கிறீர்கள். அதே அத்தியாயத்தில் மைசூர், சென்னை மாகாண அட்டவணை இருந்தால் இடது ஓரத்தைப் பார். மூன்று, நான்கு வயதில் இருக்க வேண்டிய பிள்ளைகள் குறைவாக இருக்கும். மேடு பொய், அந்தப் பள்ளம் நிஜம். மேடு என்றே சொல்லிவிட்டால் என்ன?

அனுப்புநர்: ஜாலஹள்ளி

அம்மா, பார்த்தேன். இருக்கிறது.

அனுப்புநர்: சிவாஜிநகர்

ஒரு சந்தேகம். மொய் எழுதும்போது 101, 501 என்று ஒன்று கூட்டிப் போடுகிற நாம் வயதில் மட்டும் ஏன் 50 என்று முழுசாகச் சொல்கிறோம்?

அனுப்புநர்: சி.வி. ராமன் நகர்

மொய் என்பதற்கே திரளுதல், நெருங்குதல் என்று பொருள். மொய்த்தல். ஆகா, 'அகவை மொய்ப்பு'! இதை எப்படி விட்டேன்?

அனுப்புநர்: அல்சூர்

ஈ மொய்க்கிற மாதிரி இருக்கிறது ஐயா.

அனுப்புநர்: ஜாலஹள்ளி

ஞாயிறு இரவு பதினொன்றரை. இதுவரை 'திரட்சி' பக்கம் நால்வர், சுமார்வயதுக்கு ஒருவர். புலவர் ஐயா திரளையா மொய்ப்பா என்று இன்னும் சொல்லவில்லை. நால்வரில் இருவர் தூக்கம் வருகிறது என்பதற்காகச் சேர்ந்தவர்கள் என்று தனிமடலில் ஒப்புக்கொண்டார்கள்.

இப்படி எழுதி அனுப்பிவிட்டேன்: "வயது தெரியாதவர்கள் குத்துமதிப்பாகச் சொன்னதால் 0, 5இல் முடியும் வயதுகளில் எண்ணிக்கை மேடாகத் தெரியும். இது வயதுத் திரட்சி எனப்படும்." அடுத்த பத்தியில் பஞ்சத்துப் பள்ளத்துக்குத் தனியாக மூன்று வரி சேர்த்திருக்கிறேன். மூலத்தில் அது அடிக்குறிப்பாக இருந்தது.

அனுப்புநர்: சி.வி. ராமன் நகர்

நன்று. என் படியில் அகவை என்று திருத்திக்கொள்வேன். 'குத்துமதிப்பு' பாடநூலில் வரலாமா என்பதும் முடிந்த விஷயம் அல்ல.

அனுப்புநர்: அல்சூர்

விப்பிளுக்குக் 'குறியெண்' போட்டாயா, 'குறியீட்டெண்' போட்டாயா?

அனுப்புநர்: ஆஸ்டின் டவுன்

அதற்குப் புது இழை தொடங்குங்கள். நான் படுக்கப் போகிறேன்.