மாற்றிருசு: அகலம் மாறாத சக்கர மாற்றத்துக்கு ஒரு சொல்

செங்கோட்டையிலிருந்து:

குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதிரி ரயில் சொற்பட்டியலில், மூன்று தண்டவாள முறைக்காகச் செய்யப்பட்ட பெட்டியின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, இரண்டு தண்டவாள முறைக்கு உரிய சக்கரங்களைப் பூட்டும் வேலைக்கு "அகலமாற்றம்" என்ற சொல் சென்ற வாரம் முன்வைக்கப்பட்டது. மூன்று பேர் அதை ஒப்புக்கொண்டும் விட்டீர்கள். தாமதமாக வந்து குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

அகலமாற்றம் என்பது எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்த ஒரு நிகழ்ச்சி. 1904இல் மலையைக் குடைந்து புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே போட்ட மீட்டர் பாதையை 2010இல் மூடினார்கள், 1000 மி.மீ. இடைவெளி 1676 மி.மீ. ஆகி, ஆரியங்காவு வழியே மறுபடியும் ரயில் முழுமையாக ஓடியபோது 2018 ஆகிவிட்டது. தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் மாறியது. அதனால் அந்தச் சொல் அங்கே பொருந்தும். நாம் பேசும் மாதிரிகளிலோ அகலம் மாறுவதே இல்லை. அவற்றின் அளவு உண்மையான ரயிலில் 87இல் ஒரு பங்கு. மூன்று தண்டவாள முறை, இரண்டு தண்டவாள முறை ஆகிய இரண்டிலும் பாதையின் அகலம் 16.5 மி.மீ.தான். மாறாத ஒன்றின் பெயரை மாற்றத்துக்கு வைத்தால், பட்டியலைப் படிக்கிற பள்ளி மாணவர் தண்டவாளத்தைப் பெயர்க்கக் கிளம்பிவிடுவார்.

எது மாறுகிறது என்பதைச் சொல்ல என் மேசையில் இருக்கும் ஒரு பெட்டியையே எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மனியில் வேலை பார்த்த என் மைத்துனர் ஊருக்கு வந்தபோது கொடுத்த பழைய மாதிரிப் பயணிகள் பெட்டி அது; மூன்று தண்டவாள முறைக்காக மேர்க்லின் என்ற ஜெர்மன் நிறுவனம் செய்தது. அதை என் இரண்டு தண்டவாளப் பாதையில் வைத்த கணமே கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து, அதுவரை ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் நின்றுவிட்டது. பெட்டியைக் கையில் தூக்கியதும் எஞ்சின் மறுபடி நகர்ந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனையை இடச் சக்கரத்திலும் மறுமுனையை வலச் சக்கரத்திலும் தொட்டுப் பார்த்தேன், கீச்சென்று கத்தியது. காரணம் எளிது. மேர்க்லின் பாதையில் மின்சாரம், மூன்றாவது தண்டவாளத்துக்குப் பதிலாக நடுவில் வரிசையாக நிற்கும் சிறு குமிழ்களின் வழியே எஞ்சினுக்கு ஏறி, இரண்டு தண்டவாளங்களின் வழியாகவும் திரும்பிச் செல்கிறது. இரண்டு தண்டவாளங்களும் ஒரே முனை என்பதால், இரு சக்கரங்களும் முழு உலோகமாக இணைந்திருந்தாலும் கெடுதல் இல்லை. இரண்டு தண்டவாள முறையில் ஒவ்வொரு தண்டவாளமும் ஒரு முனை. ஆகவே ஒரு சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே மின்சாரத்தைத் தடுக்கும் பிளாஸ்டிக் புஷ் இருந்தாக வேண்டும்.

மின்சாரத்தோடு இது முடியவில்லை. வெர்னியர் காலிப்பரை இரு சக்கரங்களின் உட்புறங்களுக்கு நடுவே வைத்து அளந்தபோது 14 மி.மீ. வந்தது, இரண்டு தண்டவாளத் தரங்கள் கேட்பது ஏறத்தாழ 14.4 மி.மீ. தண்டவாளத்தின் உட்புறம் இறங்கி நிற்கும் சக்கர விளிம்பு 1.3 மி.மீ. ஆழம் இருந்தது, அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி செய்த சக்கரங்களில் அது 0.6 மி.மீ. சொச்சம்தான். இந்த இரண்டு வேறுபாடுகளும் நேர்ப்பாதையில் தெரிவதில்லை. பாதை கிளை பிரியும் இடத்தில், சக்கரத்தின் முதுகு, அதை வழிநடத்த உட்புறம் வைத்த காப்புத் தண்டவாளத்தில் உரசி, ஆழமான விளிம்பு பள்ளத்தின் அடியில் தட்டி, பெட்டி ஒரு துள்ளு துள்ளுகிறது. ஆகவே மாற்ற வேண்டியவை மின்காப்பு, உள்ளிடைவெளி, விளிம்பு ஆழம் ஆகிய மூன்றும். இவற்றைத் தனித்தனியே திருத்துவதை விட, சக்கரங்களும் அச்சும் சேர்ந்த ஒரு துண்டை அப்படியே எடுத்துவிட்டு வேறொன்றைப் பூட்டுவதுதான் வழக்கம். கட்டை விரலால் பக்கச் சட்டத்தைச் சற்று விரித்தால் பழையது கையில் விழுகிறது. புதியதன் ஊசிமுனைகள் குழியில் உட்கார்ந்ததும் சட்டம் தானாக மூடிக்கொள்கிறது. ஒரு பெட்டிக்கு நான்கு. பத்து நிமிட வேலை.

அந்தத் துண்டுக்குத்தான் முதலில் பெயர் வேண்டும். "சக்கரச்சோடி" என்று முதலில் நினைத்தேன். அதிலிருந்து "சோடி மாற்றம்" பிறக்கும் என்பதை உணர்ந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "போகிமாற்றம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். போலந்து எல்லையிலுள்ள பெலாரஸ் நகரான பிரெஸ்தில் 1435 மி.மீ. பாதையிலிருந்து 1520 மி.மீ. பாதைக்குப் போகும் ரயில்களுக்கு, சக்கரங்களோடு கூடிய அடித்தாங்கியையே (ஆங்கிலத்தில் போகி) மாற்றும் வழக்கம் இருந்தது. அதற்கு அந்தச் சொல் தகும். ஆனால் நம் மக்களுக்குப் போகி என்றால் பெட்டி முழுவதும்தான்.

மாட்டுவண்டிக்காரர்களிடம் குடம், ஆரக்கால், கடையாணி, இருசு என்று ஒரு முழுச் சொற்களஞ்சியம் இருக்கிறது. அதிலிருந்து, சக்கரங்களைத் தாங்கும் அச்சைக் குறிக்கும் இருசு என்பதை எடுத்து, பூட்டப்படும் துண்டுக்கு "மாற்றிருசு" என்றும், வேலைக்கு "இருசுமாற்றம்" என்றும் முன்மொழிகிறேன். மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

புனலூரிலிருந்து:

செங்கோட்டை அண்ணாச்சிக்கு வணக்கம்.

அகலமாற்றம் பிழை என்பதை ஒப்புக்கொள்கிறேன்; அதை ஆதரித்த மூவரில் நானும் ஒருவன். அந்தச் சொல்லை வேறொரு வேலைக்குப் பத்திரப்படுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 76.2இல் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்பவர்கள் 16.5 மி.மீ. பாதை தங்கள் அளவுக்குக் குறுகலானது என்று கருதி, 18.2 மி.மீ. பாதைக்கோ 18.83 மி.மீ. பாதைக்கோ சக்கரங்களை விரிக்கிறார்கள். அதுவே உண்மையான அகலமாற்றம். நம் பழைய மீட்டர் பாதையை 87இல் ஒரு பங்கில் செய்ய விரும்புபவர்கள் 12 மி.மீ. பாதைக்குச் சக்கரங்களை நெருக்குவதும் அதுவே.

ஆனால் இருசு என்பதில் எனக்கு இரண்டு தடைகள் உள்ளன. மாட்டுவண்டியில் இருசு சுழல்வதில்லை. அது வண்டியோடு இறுகி நிற்க, சக்கரம் மட்டுமே அதன்மேல் சுழல்கிறது. சக்கரம் கழன்று விழாமல் இருக்கத்தான் கடையாணி. ரயிலில் சக்கரங்கள் அச்சில் அழுத்திப் பொருத்தப்பட்டு, மூன்றும் ஒன்றாகச் சுழல்கின்றன. சுழலாத ஒன்றின் பெயரைச் சுழல்வதற்கு வைப்பது முறையா? இரண்டாவது, என் வயதுக்காரர்கள் பலருக்கு இருசு என்ற சொல்லே தெரியாது; லாரிப் பட்டறையில் கூட ஆக்சில் என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்து மலையாள நண்பர்கள் அச்சுதண்டு என்பார்கள். இருமொழி வீடுகளில் அச்சு என்றால் உடனே விளங்கும். "மாற்றச்சு" என்று வைத்தால் என்ன? பழமை வேண்டுமென்றால் புறநானூற்றின் 102ஆம் பாட்டில், உப்பு வணிகர்கள் வண்டியின் கீழே கட்டி வைத்திருந்த "சேம அச்சு" இருக்கவே இருக்கிறது.

செங்கோட்டையிலிருந்து:

புனலூர்த் தம்பிக்கு வணக்கம்.

இங்கிலாந்து எடுத்துக்காட்டு என் வாதத்துக்கு நான் தேடி எடுக்காத துணை; நன்றி. பட்டியலில் அகலமாற்றம் என்ற பதிவை அந்தப் பொருளோடு வைத்துக்கொள்வோம்.

சேம அச்சு அழகான சொல். ஆனால் அது நம் பொருளுக்கு நேர்மாறானது. மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் பூட்டுவதற்காக உமணர்கள் என்ற அந்த உப்பு வணிகர்கள் வைத்திருந்தது முன்னதைப் போன்றே மற்றொன்று. நாம் பூட்டுவது, முன்னது முறியாதபோதும், அதனின்று வேறுபட வேண்டும் என்பதற்காகவே. தேய்ந்த சக்கரத்துக்குப் பதிலாக அதே வகையைப் பூட்டுகிறவர்களுக்கு "சேம அச்சு" என்பதைத் தாராளமாகக் கொடுத்துவிடலாம்.

மாற்றச்சு பற்றி நேற்று இரவு வெகுநேரம் யோசித்தேன். அச்சு என்றதும் இன்று எழுதுகிறவர் மனத்தில் முதலில் வருவது அச்சகம். வார்ப்பு அச்சும், தறியில் நூல் கோக்கும் அச்சும் அதற்குப் பின்னால் நிற்கின்றன. "அச்சுமாற்றம்" என்று தலைப்பிட்டால் புத்தகம் போடுகிறவர்கள்தான் திறந்து பார்ப்பார்கள். இருசுக்கு அந்த நெரிசல் இல்லை. தெரியாத சொல் என்பதை நான் குறையாகக் கருதவில்லை. புதிதாகக் கற்பவருக்கு ஒரு பொருளை மட்டுமே சுட்டும் சொல், ஐந்து பொருள் சுமந்த பழகிய சொல்லை விட எளிது.

சுழல்வது பற்றிய தடைதான் கனமானது. அதை மறுக்க என்னிடம் விடை இல்லை; வரையறையில் ஒப்புக்கொண்டுவிடலாம் என்று நினைக்கிறேன். இருசு என்பது தனியே அச்சை மட்டும் குறிக்கட்டும். சக்கரங்களோடு அழுத்திப் பொருத்தி ஒன்றாகச் சுழல்வது "சக்கர இருசு" ஆகட்டும். மாற்றிருசு என்பது அதன் ஒரு வகை. "மாற்றுச் சக்கர இருசு" என்பதன் சுருக்கம் என்று குறித்துவிடுவோம்.

இன்னொன்றையும் வரையறையில் சேர்க்க வேண்டும். மாற்றம் ஒரு திசையில் மட்டும் நடப்பதில்லை. இரண்டு தண்டவாளப் பெட்டியை மூன்று தண்டவாளப் பாதையில் வைத்தால் விளக்கு எரியாது, எஞ்சின் நிற்காது, பெட்டி உருண்டும் போகும். அதனால் மாற்றத் தேவையில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த முறையில், ஒரு துண்டுத் தண்டவாளத்தைத் தனியே பிரித்து வைத்து, ரயிலின் உலோக அச்சு அதை எதிர்த் தண்டவாளத்தோடு இணைக்கும்போது சமிக்ஞை விழும்படி செய்திருப்பார்கள். புஷ் போட்ட சக்கரங்கள் அதன்மேல் போனால் ரயில் வந்ததே பாதைக்குத் தெரியாது. ஆகவே மின்காப்பு உள்ளதற்குக் "காப்பிருசு" என்றும், இல்லாததற்கு "வெற்றிருசு" என்றும் இரண்டு துணைச்சொற்கள் தேவைப்படும்.

என் வரைவு இது:

மாற்றிருசு: ஒரு பாதை முறைக்குச் செய்யப்பட்ட மாதிரிப் பெட்டியை, அதே அகலமுள்ள வேறொரு பாதை முறையில் ஓட்டுவதற்காக, முன்னிருந்ததை நீக்கிவிட்டுப் பூட்டப்படும் சக்கர இருசு. மின்காப்பு, உள்ளிடைவெளி, விளிம்பு ஆழம் ஆகியவற்றில் ஒன்றிலோ பலவற்றிலோ முன்னதனின்று வேறுபடுவது. அச்சின் மொத்த நீளமும் ஊசிமுனையின் வடிவமும் பெட்டியின் குழிக்கு ஒத்திருக்க வேண்டும்.

இருசுமாற்றம்: மேற்படி பூட்டும் வேலை.

எஞ்சினுக்கு இந்தச் சொல் போதாது. அதில் சக்கரத்தோடு, நடுக் குமிழ்களைத் தடவிச் செல்லும் அடித்தகட்டையும், உள்ளிருக்கும் மின்னணுப் பலகையையும் மாற்ற வேண்டியிருப்பதால், "முறைமாற்றம்" என்று தனிப்பதிவு போட வேண்டும். அடித்தகடு என்று இங்கே நான் எழுதியது அவசரத்துக்குத்தான். அதற்குச் சரியான பெயரை அடுத்த மடலில் நீங்கள் தொடங்குங்கள் தம்பி.